லவோன் கூவிச் சொன்ன எண்கள்

அரிசோனாவில் வீட்டு வண்டிகள் வந்து நிற்கும் அந்த முகாமுக்குக் குளிர்காலம்தோறும் வந்து தங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு லவோனின் முகம் சரியாக நினைவிருக்காது. அவள் குரல் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

"நாப்பது... அம்பத்திரண்டு... ஐயோ, கொறையுது, பழைய பக்கமே போ... எழுபது... எம்பத்தேழு! போதும், கைய எடு!"

வெளியே முக்காலித் தாங்கியில் பொருத்திய டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு அவள் கணவர் ஆர்டன் நிற்பார். உள்ளே டிவி திரையில் ஏறி இறங்கும் சிக்னல் எண்ணை ஜன்னல் வழியாக அவள் கூவிச் சொல்வாள். விரல் கனம் நகர்ந்தால்கூடப் படம் போய்விடும். எண்பதைத் தாண்டிவிட்டால் ஆர்டன் திருகை முடுக்கிவிட்டு உள்ளே வருவார். மற்ற நேரமெல்லாம் யாராவது நலம் விசாரித்தால்கூட லவோன் தலையை மட்டும் ஆட்டுவாள். மற்றவர்கள் பார்க்காதபோது மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தெற்கு டகோட்டாவில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அம்மா படுத்த படுக்கையானபோது ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தொன்பது வருஷம் துப்பட்டி மடித்தாள். ஆர்டன் தொலைபேசிக் கம்பங்களில் ஏறி வேலை பார்த்தவர். பிள்ளைகள் இல்லை. அவர் ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றார்கள். வீட்டு வண்டி ஒன்றை வாங்கி, பனி விழுமுன் தெற்கே கிளம்பி வந்தார்கள். பதினொரு குளிர்காலமாக அதே முகாம், அதே முப்பத்தொன்றாம் நம்பர் இடம். பெரிய கருவேல மரத்தடி அது. மரம் மறைப்பதால் வண்டிக் கூரையில் சிக்னல் கிடைக்காது. அதனால் என்ன, நீளமான ஒயரை இழுத்து, நாற்பது அடி தள்ளி வெயிலில் டிஷ்ஷை நிறுத்துவார் ஆர்டன். "வீடு நெழல்ல, டிஷ் வெயில்ல. இதவிட என்ன வேணும் மனுசனுக்கு?" என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, தெற்கு வானத்தைப் பார்க்க வேண்டிய டிஷ்ஷை அவர் வடக்கே மலையைப் பார்த்து நிறுத்தினார். விளையாடுகிறார் என்று லவோன் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நம்பரச் சொல்லு."

"பூஜ்யம்தான் வருது, ஆர்டன்."

"நல்லாப் பாத்துச் சொல்லு. கண்ணாடி போட்டிருக்கியா?"

மருத்துவர் அந்த மறதி நோயின் பெயரைச் சொன்னது அதற்கு மறுமாதம்.

காலையில் ஆர்டன் ஏறக்குறைய பழைய ஆர்டன்தான். பொழுது சாயும்போதுதான் ஆட்டம் கண்டுவிடுவார். "வீட்டுக்குப் போகணும், மாட்டுக்கு யாரும் தண்ணி காட்டியிருக்க மாட்டாங்க" என்று சட்டையை மாட்டிக்கொள்வார். மாடு அவருடைய அப்பா காலத்தது. அந்த நேரத்தில் அவரை உட்கார வைப்பது ஒன்றே ஒன்றுதான், ஆறு மணிக்கு டிவியில் வரும் வினாடி வினா. கேள்வி வருமுன் பதில் சொல்வார், தப்பாகச் சொன்னாலும் தொடையைத் தட்டிச் சிரிப்பார். அரை மணி நேரம் ஓடினால் இருட்டும் நேரம் கடந்துவிடும், பிறகு தூக்கம் வந்துவிடும்.

அதற்குப் படம் வேண்டும். லவோன் டிஷ்ஷைத் திருப்பக் கற்றுக்கொண்டாள். பக்கத்து வண்டி டாட்டியும் ஒத்தாசை செய்தாள். ஆனால் அவர்கள் திருப்பிவைத்து ஒரு மணி நேரம் ஆகாது, "எவனோ கை வச்சிருக்கான்" என்று ஆர்டன் போய் மறுபடி மலையைப் பார்த்துத் திருப்பிவிடுவார். டிசம்பரில் ஒருநாள் வெயிலில் இரண்டு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டி, மயங்கி விழுந்தார். அன்று மாலை படம் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலை வரை நடந்துபோய்விட்டார்.

"கூரையில நிரந்தரமா ஒண்ணு மாட்டிடப் போறேன்," என்றாள் லவோன்.

டாட்டி காபியைக் கீழே வைத்தாள். "அந்த மனுசன்கிட்டேர்ந்து டிஷ்ஷப் புடுங்கிட்டா வேற என்னடி இருக்கு அவனுக்கு?"

"புடுங்கல. அது அவன்கிட்டயே இருக்கும். ஒயர மட்டும் சொருக மாட்டேன். அவன் திருப்பட்டும், நான் எப்பவும்போல நம்பர் சொல்றேன்."

"பொய் நம்பரா?"

"ஆமா."

"வாயத் தொறக்கவே மாட்டா, தொறந்தா புளுகு," என்று சொல்லிவிட்டு டாட்டி மூக்கைச் சிந்தினாள்.

ஜனவரியில் கூடும் கூடாரச் சந்தைக்கு லவோன் தனியாகப் போனாள். ஆன்டெனாக் கடைக்காரன் வாய் ஓயாத ஆள்.

"மேடம், இது கைப்பிடி சுத்துனா கூரையிலேர்ந்து எழும்பும். மலிவு. ஆனா வண்டியெடுக்கும்போது மறக்காம இறக்கிடணும், இல்லேன்னா முதல் பாலத்துலயே பிச்சுக்கிட்டுப் போயிடும்."

மறக்காமல் என்ற சொல் கேட்டதுமே லவோன் அடுத்ததைப் பார்த்தாள்.

"இது தரையில வைக்கிறது. பட்டன அமுக்குனா தானே சிக்னல் தேடிக்கும். நெழல்ல தங்குறவங்களுக்கு இதுதான் தோது."

"தூக்க முடியுமா?"

"ஒரு கையால தூக்கலாம் மேடம்!"

"அப்ப வேண்டாம்."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கவிழ்த்த அண்டா மாதிரி வெள்ளையாக இருந்த டோமைத் தட்டினான். "இது கூரையோட திருகிடறது. உள்ள இருக்கிற டிஷ்ஷ ஆண்டவனே வந்தாலும் கையால திருப்ப முடியாது. ஒண்ணே ஒண்ணு, தெக்கு வானம் தொறந்திருக்கணும். மரம் கிரம் கூடாது."

மழைக்கு நிற்குமா, காற்றுக்கு நிற்குமா, கூரை ஒழுகுமா என்று எல்லாவற்றையும் லவோன் கேட்டாள். துண்டுக் காகிதத்தில் எழுதியே கொண்டுபோயிருந்தாள். மரத்தைப் பற்றி மட்டும் அவளுக்குக் கேட்க ஒன்றுமில்லை. முகாமில் வெட்டவெளி இடங்கள் நிறையக் காலியாகத்தான் இருந்தன. இடம் மாற ஒரு மணி நேரம் ஆகுமா?

டோம் மாட்டிய மறுநாள் அவளே வண்டியை ஓட்டிக் கடைசி வரிசையில் ஐம்பத்தெட்டாம் இடத்தில் நிறுத்தினாள். ஆர்டன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

"கெளம்பிட்டமா?"

"சும்மா, இடம் மாத்தறோம்."

"மரம் எங்க?"

"அங்கேயேதான் இருக்கு."

அன்று மாலை பட்டனை அமுக்கியதும் மேலே மோட்டார் உறுமித் தேடியது. படம் கண்ணாடிபோல வந்தது. ஆர்டன் கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார், தொடையைத் தட்டினார். காலையில் வெளியே டிஷ்ஷைத் திருப்பினார். லவோன் வெறும் திரையைப் பார்த்தபடி, "அறுபது... எழுபத்தஞ்சு... எம்பத்தேழு!" என்று கூவினாள். ஐந்து நாள் இப்படியே போயிற்று. இரண்டு வருஷத்தில் அவள் நன்றாகத் தூங்கியது அந்த ஐந்து இரவுகள்தான்.

ஆறாம் நாள் நாலரை மணிக்குத் துணிகளை எடுத்துக்கொண்டு முகாமின் சலவை அறையிலிருந்து திரும்பினாள். ஆர்டனைக் காணோம். முக்காலியும் இல்லை, டிஷ்ஷும் ஒயர்ச் சுருளும் இல்லை. கூடையைப் போட்டுவிட்டு நெடுஞ்சாலைப் பக்கம் ஓடினாள். அங்கே யாருமில்லை. திரும்பி ஓடிவரும்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"லவோன்! நம்பரச் சொல்லு!"

முப்பத்தொன்றாம் இடத்திலிருந்து வந்தது குரல். அங்கே இன்னும் யாரும் வந்து நிற்கவில்லை. கருவேல மரத்துக்குக் கீழே வெறும் ஜல்லி. நாற்பது அடி தள்ளி வெயிலில் ஆர்டன் டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் காலடியிலிருந்து ஒயர் ஒழுங்காக மரத்தடி வரை போய், வண்டியின் பக்கவாட்டுத் துளை இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஜல்லிமேல் கிடந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கையாலேயே டிஷ் தெற்கைப் பார்த்திருந்தது. இத்தனை வருஷம் அவள் பார்த்த அதே சாய்வு, அதே உயரம். மரத்தைத் தேடி வந்தவருக்கு இன்று வானத்தின் திசையும் பிடிபட்டிருந்தது. மரத்தைத்தான் அவள் விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"லவோன்! தூங்கிட்டியா? நம்பர்!"

அவர் அவளுக்கு முதுகு காட்டி நின்றார். அவள் மரத்தின் அடியில் போய் நின்றாள், ஜன்னல் இருந்திருக்கக்கூடிய இடத்தில். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எழுபது..." என்றாள். "எம்பது..." பிறகு தன்னால் முடிந்த அளவு உரக்க, "எம்பத்தேழு! போதும், கைய எடு!"

ஆர்டன் திருகை முடுக்கினார். பதமாக, அவசரமில்லாமல். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்து வந்தார். படி இருக்க வேண்டிய இடத்தில் காலைத் தூக்கி வைத்தார். கால் ஜல்லியில் இறங்கியது. கைப்பிடியைத் தேடிக் கையை நீட்டினார். அந்தரத்தில் விரல்கள் ஒருமுறை மூடித் திறந்தன. மறுபடியும் நீட்டினார்.

அப்போதுதான் மரத்தடியில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தார். தொப்பியைத் தொட்டார்.

"மன்னிக்கணும் மேடம். கதவு எந்தப் பக்கம்னு கொஞ்சம் காட்டறீங்களா? என் வீட்டுக்காரி உள்ளதான் இருக்கா. இப்பத்தான் நம்பர் சொன்னா, நீங்க கேட்டிருப்பீங்களே?"

"கேட்டேன்," என்றாள் லவோன். "நல்லாக் கேட்டுது."