காது போன கோப்பைகள்

போன வாரம் மருமகள் போனிலேயே ஒரு காபிக் கோப்பை வரவழைத்தாள். அட்டைப் பெட்டியைப் பிரித்தால் கோப்பை தனி, காது தனி. நான் வழக்கப்படி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் மூலைகளைத் தடவினேன். ஒட்டுநாடாவை நடுவில் யாராவது பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்தேன். சமையலறைத் தராசில் எடைகூடப் போட்டேன். "விடுங்க மாமா" என்று அவள் போனில் இரண்டு தட்டுத் தட்டினாள். அரை நிமிடத்தில் பதில் வந்துவிட்டது: 'உங்கள் வார்த்தையை ஏற்கிறோம். படம் அனுப்பத் தேவையில்லை. பணம் திரும்ப வரும்.' எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது என்ன கூத்து? கேட்டவுடன் கொடுக்கிறவனை எப்படி நம்புவது? அவள் அந்தப் பக்கம் போனதும், காது உடைந்த இடத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

சிரிக்காதீர்கள். அது ஒரு காலத்தில் எனக்குச் சோறு போட்ட நாக்கு.

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலம் தபாலாபீசில் பார்சல் கவுண்டர் என் பொறுப்பு. அரக்கு உருகும் வாசனையை இப்போது நினைத்தாலும் விரல் நுனி சுடுகிறது. இன்ஷூர் செய்த பார்சலைத் துணியில் வைத்துத் தைத்து, தையல் ஓடும் இடமெல்லாம் அரக்கு வைத்து, அனுப்புகிறவர் தம் சொந்த முத்திரையைக் குத்தவேண்டும். முத்திரைக்குப் பதில் காசை வைத்து அழுத்திக்கொண்டு வந்தால் வாங்கமாட்டோம். காசு எல்லாரிடமும் இருக்குமே, திருடனிடம்கூட.

எங்கள் ஊர் செய்வதெல்லாம் உடையும் சாமான். ஜாடி, பொம்மை, கோப்பை. அதைக் கொண்டுபோகிற நாங்களோ பையைத் தூக்கி எறிந்தே பழகியவர்கள். நஷ்டஈடு கேட்டு மனு வராத வாரம் இல்லை. நான் வேலையில் சேர்ந்த அன்றே போஸ்ட் மாஸ்டர் சொல்லிவிட்டார்: "வர்றவன்ல பாதிப் பேரு சூளையிலயே உடைஞ்சத கட்டி அனுப்புறவன். பாத்து எழுதுப்பா." எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பாதிப் பேர் என்று அவர் சொன்னதை முக்கால்வாசி ஆக்கிக்கொண்டேன்.

டீக்கடையில் ஒரு சூளைக்காரரிடம் தொழில் ரகசியமும் கேட்டுவைத்தேன். "சூளைல வேகறதுக்கு முன்னாடி உடைஞ்சதுன்னா உடைஞ்ச வாயிலயும் மேல பூசுற மெருகு ஓடி வழவழன்னு இருக்கும் சார். வெந்தப்புறம் உடைஞ்சதுன்னா நாக்குல ஒட்டும்" என்றார். அதற்குப் பிறகு விருத்தாசலத்தில் உடைந்த எந்தச் சில்லும் என் நாக்குக்குத் தப்பவில்லை. "வூட்டுக்கு வந்ததும் மொதல்ல வாயக் கொப்புளிங்க" என்பாள் என் மனைவி.

மைமூனம்மா அந்தச் சமயத்தில்தான் வர ஆரம்பித்தார். மங்கலம்பேட்டைக்காரர், கணவர் தவறிவிட்டார். சின்னத் தொழில்காரர்களுக்கான பொதுச் சூளையில் ஒரு தட்டு வாடகைக்குப் பிடித்து டீக் கோப்பை செய்துகொண்டிருந்தார். நல்லூர் வைக்கோலை அடைத்துக் கட்டுவார். பார்சலைப் பிடித்தால் களத்து மேட்டு வாசனை அடிக்கும். முத்திரைகூட அவரே பீங்கானில் சுட்டுக்கொண்டது, புளியங்கொட்டை அளவு, நடுவில் ஒரு மீன். என்னைவிடப் பெரிய சந்தேகக்காரி. பையின் வாயைக் கட்டும்வரை நகரமாட்டார். "உள்ள வைக்கிறீங்களா, எறியறீங்களா சார்?" என்று எட்டிப் பார்ப்பார். இவ்வளவு சந்தேகப்படுகிறவரிடம் ஏதோ இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம்.

ஒருமுறை மெட்ராஸ் கடை ஒன்றுக்கு இரண்டு டஜன் கோப்பை அனுப்பினார். அவர் அனுப்புவதெல்லாம் அந்த ஒரு கடைக்குத்தான். கடைக்காரர் அங்கே தபாலாபீசில் வைத்தே பிரித்துப் பார்த்து, பத்தொன்பது கோப்பைக்குக் காது கழன்று கிடக்கிறதென்று திருப்பிவிட்டார். மைமூனம்மா நஷ்டஈட்டுக்கு மனுக் கொடுத்தார். அவர் முன்னாலேயே பெட்டியைத் திறந்து சோதித்தேன். எடை குறையவில்லை. முத்திரைகள் முழுசாக வந்ததாக மெட்ராஸ் குறிப்பு சொன்னது. கோப்பை உடம்பில் ஒரு கீறல் இல்லை, காது மட்டும் போயிருக்கிறது. அதெப்படி? நாக்கை வைத்தேன். ஒட்டவில்லை. வழவழவென்று இருந்தது. பத்தொன்பதும் அப்படியே. திருடனைப் பிடித்த சந்தோஷம் எனக்கு.

'சூளைக்கு முன்பே உடைந்தவை. அனுப்பியவர் அறிந்தே அனுப்பியதாக ஐயம்' என்று எழுதினேன். அந்த 'அறிந்தே' என்ற சொல்லை நானே இரண்டு முறை படித்து ரசித்தேன். மேலாபீஸ் மனுவைத் தள்ளியது. உத்தரவின் நகல் மெட்ராஸ் கடைக்கும் போனது.

பத்து நாள் கழித்து மைமூனம்மா ஒரே ஒரு கோப்பையோடு வந்தார். அதே சூளையில், அதே நாளில் வெந்தது. காதோடு முழுசாக இருந்தது.

"புடிச்சுப் பாருங்க சார்" என்றார். காதைப் பிடித்துத் தூக்கினேன். உறுதியாகத்தான் இருந்தது. வாங்கி, கவுண்டர் விளிம்பில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். காது கழன்று என் ரிஜிஸ்தர் மேல் விழுந்தது.

"இப்ப நாக்கு வச்சுப் பாருங்க."

வைத்தேன். வழவழவென்று இருந்தது.

"காத தனியா செஞ்சு ஒட்டுறோம் சார். ஒட்டுல முடி அளவு சந்து இருந்தாலும் மெருகு உள்ள எறங்கிடும். அதான் வழவழப்பு. எந்தக் கோப்பைன்னாலும் காது ஒட்டுறதுதான், கூடவே பொறக்கறதில்ல."

என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. சூளைக்காரர் சொன்னது பொய்யில்லை, நான்தான் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். மனு மேலே போய் முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று முணுமுணுத்தேன்.

"பணம் வேணாம் சார். மெட்ராஸ் கடையில இனிமே அனுப்பாதன்னு எழுதிட்டாங்க. நான் பொய் சொல்லலன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. அத அனுப்பிப் பாக்கறேன்."

எழுதியிருக்கலாம். பேனா கையில்தான் இருந்தது. ஆனால் நான் எழுதியது தப்பு என்று நானே எழுதினால் மெமோ வரும், போஸ்ட் மாஸ்டர் சிரிப்பார். பயம்தான், வேறென்ன. "அதுக்கு ரூல்ல இடமில்லம்மா" என்றேன்.

"சந்தேகத்த எழுதறதுக்கு மட்டும் ரூல்ல இடம் இருந்திச்சா சார்?" சத்தம் போடாமல்தான் கேட்டார். நான் ரிஜிஸ்தரைப் புரட்டினேன், எதையோ தேடுகிற மாதிரி. நிமிர்ந்தபோது ஆள் இல்லை. கோப்பையும் காதும் கவுண்டரிலேயே இருந்தன.

அந்த மீன் முத்திரை வைத்த பார்சல் அப்புறம் வரவே இல்லை. சூளைத் தட்டை வேறு யாருக்கோ விட்டுவிட்டார்கள். ஒரு தடவை பஸ் சேத்தியாத்தோப்பில் நின்றபோது, சந்தையில் சாக்கு விரித்து அகல் விளக்கு விற்றுக்கொண்டிருந்தவர் அவர் மாதிரி இருந்தது. இறங்கிப் பார்த்திருக்கலாம். பஸ் கிளம்பும்வரை குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

இப்போது அரக்கும் இல்லை, துணி தைப்பதும் இல்லை. சொந்த முத்திரை வைத்திருக்கும் மனிதர்களும் இல்லை. உடைந்ததை நக்கிப் பார்த்து ஆளை எடைபோட என்னைப் போல ஒருவன் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதும் இல்லை. நல்லதுதான்.

நேற்று மருமகளிடம் அந்தச் செய்தியை மறுபடி காட்டச் சொன்னேன். "பணம்தான் வந்துடுச்சே, இன்னும் எதுக்கு மாமா?" என்றாள்.

"எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்னு பாக்கறேம்மா" என்றேன்.

உங்கள் வார்த்தையை ஏற்கிறோம். மூன்றே சொல்.