தொட்டியில் பாதி இடம்

மாசாயில் எங்கள் தாமான் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு பச்சைக் குப்பைத்தொட்டி கொடுத்திருக்கிறார்கள். சக்கரம் வைத்தது. மூடியின் மேல் வீட்டு எண் இருக்கும். அந்த வீட்டுக் குப்பையைத்தான் அதில் போட வேண்டும். மூடி மூடாமல் இருந்தாலோ, பையை வெளியே வைத்தாலோ லோரிக்காரர்கள் எடுக்க மாட்டார்கள். கடைகளுக்குத் தனியாகப் பெரிய தொட்டி. கடைக் குப்பை வீட்டுத் தொட்டிக்கு வரக்கூடாது, வீட்டுக் குப்பை கடைத் தொட்டிக்குப் போகக்கூடாது. நான் சாஆ பக்கம் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். மலாயில் எழுதி ஒட்டிய இந்தச் சட்டத்தையெல்லாம் மெதுவாகத்தான் படிப்பேன். படித்துவிட்டால் அப்படியே நடப்பேன்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நான் மட்டும்தான். மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான், ஞாயிற்றுக்கிழமை வருவான். ஒருத்திக்கு என்ன குப்பை சேர்ந்துவிடும்? கீரைத்தண்டு, மீன் செதில், கொஞ்சம் தேயிலை. தொட்டியின் அடியில் ஒரு பை கிடக்கும், அவ்வளவுதான்.

ஒரு நாள் லோரி வரும் நேரத்துக்குத் தொட்டியை இழுத்தேன். கனத்தது. திறந்து பார்த்தால் என் பைக்கு மேலே மூன்று கறுப்புப் பைகள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை போட்டு, குறுக்கும் நெடுக்கும் துணிக் கிழிசலால் கட்டி, விரல் கோத்துத் தூக்க மேலே சின்ன வளையம் விட்டிருந்தது. அவிழ்த்துப் பார்க்கத் தேவையில்லை. என் வீட்டுக்காரர் வாதம் வந்து இரண்டு வருஷம் படுத்திருந்தார். பெரியவர்களுக்குக் கட்டும் டயப்பர் பையில் எப்படி உட்காரும், என்ன கனம் கனக்கும் என்று என் கைக்குத் தெரியும். யார் போட்டது என்பதுதான் தெரியவில்லை.

அந்தக் கட்டுதான் ஆளைக் காட்டிக் கொடுத்தது. மகன் கல்யாணத்துக்குத் தங்காக் ஊரில் துணி எடுத்தபோது கடையில் அப்படித்தான் பார்சல் கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் தெருமுனையில் கடைவரிசை இருக்கிறது. அங்கே சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் ஒரு பாய் வாடகைக்கு வந்திருந்தார். வாலிபத்திலிருந்து தங்காக்கில் துணிக்கடையில் நின்றவர், மனைவிக்கு எழுந்திருக்க முடியாது என்று பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா சொல்லியிருந்தார். எத்தனையோ தடவை எதிரெதிரே போயிருக்கிறோம். அவரும் தரையைப் பார்ப்பார், நானும் தரையைப் பார்ப்பேன்.

மாடி என்றாலும் அது கடைக் கணக்கில் சேர்ந்தது. அதனால் அவருக்கு வீட்டுத் தொட்டி கிடையாது. கீழே சாப்பாட்டுக் கடைக்காரர் தன் தொட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. சாப்பாட்டுக் கடைத் தொட்டியில் இது கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? முன்பெல்லாம் மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்து எங்கெங்கோ கொண்டு போனாராம். இதையும் அந்த அக்காதான் சொன்னார்.

நான் யாரிடமும் பேசவில்லை. ஓர் ஆண்பிள்ளையிடம் போய் இதை எப்படிப் பேசுவது? என் பையை இன்னும் சின்னதாகக் கட்டி ஓர் ஓரமாக ஒதுக்கி வைத்தேன். மத்தியானத் தொழுகை முடிந்து தெரு வெறிச்சென்று கிடக்கும்போது அவர் வருவார். மூடிச் சத்தம் கேட்கிற வரைக்கும் நான் அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டேன். குழந்தை தூங்குகிற வீட்டில் கதவைச் சாத்துகிற மாதிரி மூடுவார்.

ஒரு சமயம் எனக்குக் காய்ச்சல். லோரி நாளில் தொட்டியை இழுக்க முடியாமல் படுத்துவிட்டேன். சாயங்காலம் எழுந்து பார்த்தால் தொட்டி காலியாகி, கழுவி, கேட்டுப் பக்கம் நின்றது.

பிறகுதான் சிக்கல் வந்தது. கடைக்காரர்கள் சிலர் வெங்காயத் தோலையும் எண்ணெய் டின்னையும் எங்கள் தெருத் தொட்டிகளில் கொட்டிவிட்டுப் போக, யாரோ நகராண்மைக் கழகத்துக்குப் புகார் கொடுத்துவிட்டார்கள். ஒரு காலையில் சீருடையோடு ஒரு பையனும் ஒரு பெண்ணும் வந்து வீடு வீடாக மூடியைத் திறந்து பார்த்தார்கள். பாய் அப்போதுதான் பசாருக்குக் கூடையோடு இறங்கியிருக்கிறார். மாடிப்படியின் அடியிலேயே நின்றுவிட்டார்.

என் தொட்டிக்கு வந்தார்கள். பையன் கையுறை போட்ட விரலால் வளையத்தைப் பிடித்து ஒரு பையைத் தூக்கினான். வீட்டில் எத்தனை பேர் என்று மலாயில் கேட்டான். நான் மட்டும் என்றேன். அப்படியானால் இத்தனை பை எப்படி, கடையிலிருந்து வந்ததா என்று கேட்டுவிட்டுக் கடைவரிசைப் பக்கம் திரும்பினான். ஆமாம் என்றால் பாய்க்குச் சமன் எழுதி அபராதம் போடுவான். சமன்கூடப் பெரிதில்லை. பைக்குள் என்ன இருக்கிறது, யாருடையது என்று அவர் நடுத்தெருவில் நின்று சொல்ல வேண்டியிருக்கும்.

பள்ளியில் வாத்தியார் கேட்கும்போது விடை தெரிந்தும் எழுந்து நிற்காதவள் நான்.

"சாயா புன்யா," என்றேன். என்னுடையது.

அவனுக்கு விளங்கவில்லை. இதில் என்ன இருக்கிறது மக்சிக் என்று மரியாதையாகக் கேட்டுப் பையை அமுக்கப் போனான். டயப்பர், நான்தான் போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னேன். குரலை அளந்து பேசிப் பழக்கமில்லை எனக்கு. பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி வந்துவிட்டது.

பையன் பையை மெள்ள உள்ளே வைத்தான். அந்தப் பெண் வேறு பக்கம் பார்த்தாள். மூடியை நன்றாக மூடி வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

சாயங்காலமே மலாய்க்கார அக்கா ஒரு பாக்கெட் டயப்பர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மகன் காதுக்கும் எப்படியோ போய், போன் செய்தான். "ம்மா, எப்ப இருந்து இப்படி? ஏன் சொல்லல? டாக்டர்கிட்ட போலாம் லா," என்றான். எனக்கு ஒன்றும் இல்லை என்றால் நம்பவில்லை. இப்போது என்னை எங்கே கூட்டிப் போனாலும் முதலில் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று காட்டிவிடுகிறான்.

மறுநாள் மத்தியானம் பாய் கையில் பை இல்லாமல் கேட்டருகே வந்து நின்றார்.

"தங்கச்சி, நேத்து நான் வந்து சொல்லியிருக்கணும். கால் நகரல," என்றார்.

"எனக்கு வாய் நகராதுண்ணே. நேத்து எப்படியோ நகந்துருச்சு."

சிரித்தார். பிறகு முகம் வாடிவிட்டது. இனிமேல் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எந்த இடம் என்று கேட்டேன்.

"தொட்டியில பாதி இடம் சும்மாதான கெடக்கு. போட்டுட்டுப் போங்க. அது எங்க வூட்டுக் குப்பைதான், ஆபீசர்கிட்டயே சொல்லியாச்சு."

அக்கா கொடுத்த பாக்கெட்டையும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். போகத் திரும்பியவரிடம், பல வாரமாக மனத்தில் இருந்ததைக் கேட்டேன். படுத்தே இருக்கிறவர்களுக்கு முதுகில் புண் வருமே, அவர் மனைவிக்கு இருக்கிறதா என்று. வீட்டுக்காரருக்கு வந்து நான் பட்ட பாடு மறக்கவில்லை.

"இருக்கு தங்கச்சி. எனக்கு சரியா திருப்பிப் போடத் தெரியல. வலிக்குதுங்கறா."

"நான் வரட்டுமா?"

அவர் முன்னால் போக, நான் பின்னால் படியேறினேன். அறை சுத்தமாக இருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்ததும் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். யாருங்க இவங்க என்று கணவரிடம் கேட்டார். கீழ்த்தெருத் தங்கச்சி என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

போர்வையைப் பிடித்த கை விடவில்லை. அவசரப்படாமல் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன்.

"எனக்கும் கூச்சம்தான்க்கா. நீங்க சொவத்தப் பாத்துக்கிட்டு இருங்க, நான் முதுகை மட்டும் பாக்கறேன்."

முகத்தை மட்டும் சுவருக்குத் திருப்பினார். பிறகு கை தளர்ந்தது. நான் துவாலையைச் சுருட்டி முதுகுக்கு அண்டக் கொடுத்து, இடுப்பைப் பிடித்து, மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.