ரேடியேட்டரில் வந்த குமிழி

அப்பா வேலை பார்த்த திருமுடிவாக்கம் கம்பெனியை மூடிய பிறகு எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. மஸ்கட்டிலிருந்து மாமா கூப்பிடுகிறார், போய்ச் சேருங்கள் என்பது அம்மாவின் கட்சி. பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டு தாம்பரத்திலேயே கிடக்கிறேன் என்பது அப்பாவின் கட்சி. நான் அப்போது நாலாம் வகுப்பு. எனக்கு ஓட்டு இல்லை, இருந்தாலும் நான் அப்பா கட்சிதான். வண்டி ஓடினால் அப்பா எங்களோடு இருப்பார், ஓடாவிட்டால் போய்விடுவார். இதை யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லவில்லை. சண்டை போடும்போது அவர்களே கத்திச் சொன்னார்கள்.

வண்டி வந்தது. பார்க்க லட்சணமான டீசல் கார்தான். ஆனால் சூடாகும். இரும்புலியூரில் எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பி குரோம்பேட்டை போய்ச் சேர்வதற்குள், ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைப் பார்த்து ஏற ஆரம்பித்துவிடும். எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை நிறத் தண்ணீர் நாளுக்கு நாள் குறையும். குனிந்து பார்த்தால் வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு ஈரம் இருக்காது. "ஊத்துற தண்ணியெல்லாம் எங்கதான் போய்த் தொலையுது?" என்று அம்மா கேட்பாள். அப்பா வேறு பக்கம் பார்ப்பார்.

சர்வீஸ் ரோட்டில் ஷெட் போட்டிருந்த மெக்கானிக் முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"கீழ ஒழுகல சார். அப்போ தண்ணி எஞ்சினுக்கு உள்ள போவுது. காலைல வண்டி ஆறிக் கீறப்ப எடுத்துனு வா. ரேடியேட்டர் மூடியத் தொறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணுவோம். தண்ணில குமிழி வந்துச்சுனா எஞ்சின் தலைக்கு அடில கீற ஹெட் கேஸ்கெட் காலி. அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிடும்."

"அதெல்லாம் இருக்காது. முதல்ல மூடியை மாத்திப் பாருங்க" என்றார் அப்பா.

மூடியை மாற்றினார்கள். அப்புறம் ஹோஸ், அப்புறம் தெர்மோஸ்டாட். பழைய ஓனர் போர் தண்ணீரை ஊற்றியிருப்பான், உப்பு அடைத்திருக்கும் என்று ரேடியேட்டரையே கழற்றிச் சுத்தம் பண்ணச் சொன்னார் அப்பா. சேறு மாதிரி என்னவோ கொட்டியது. அன்றைக்கு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மறுநாளே முள் மறுபடியும் ஏறியது. மெக்கானிக் குமிழியை ஞாபகப்படுத்தும்போதெல்லாம் அப்பா "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐந்து நிமிட வேலையை விட்டுவிட்டு இந்த மனுஷன் எதற்கு ஊரைச் சுற்றுகிறார்!

பள்ளிக்கரணையில் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. சித்திரை வெயில். மேடவாக்கம் சிக்னலில் நிற்கும்போதே முள் ஏறிவிட்டது. அப்பா ஏசியை அணைத்து, ஜன்னல்களை இறக்கி, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டார். எஞ்சின் சூட்டை இப்படி உள்ளே இழுத்தால் முள் இறங்குமாம். இறங்கியது வாஸ்தவம்தான். பின் சீட்டில் அம்மா பட்டுப்புடவையோடு இட்லி மாதிரி வெந்துகொண்டிருந்தாள்.

"இதுக்கு மஸ்கட்டே தேவலை. அங்கயும் இதே சூடுதான், சம்பளமாவது வரும்" என்றாள்.

போய் இறங்கியதும் அத்தை எங்களை ஏற இறங்கப் பார்த்து, "என்ன அண்ணி, வழியில மழையா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அழுகையாக வந்தது.

அடுத்த சனிக்கிழமை காலையில் அப்பாவோடு நானும் ஷெட்டுக்குப் போனேன். இந்தத் தடவை ஃபேனை மாற்றுவதாக ஏற்பாடு. எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, மொதல்ல குமிழி பாருங்கண்ணா" என்றேன்.

"பாப்பாவே கேக்குது. பாத்துடலாமா சார்?" என்று மெக்கானிக் சிரித்தார். அப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சாவியைக் கொடுத்தார்.

மூடியைத் திறந்து வைத்து வண்டியை ஸ்டார்ட் பண்ணினார்கள். நான் எக்கி நின்று பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு குமிழி, பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் உலை கொதிக்கிற மாதிரி குபுகுபுவென்று வந்தன. நான் கைதட்டிக் குதித்தேன். "கண்டுபிடிச்சாச்சு! அப்பா, கண்டுபிடிச்சாச்சு!"

"மொத நாளே சொன்னேன் சார்" என்றார் மெக்கானிக். "எஞ்சின எறக்கணும். ஹெட்டும் விரிசல் வுட்டிருக்கும். வாங்குன வெலயத் தாண்டிப் பூடும். பேஜார் புடிச்ச வண்டி, வந்த வெலைக்குத் தள்ளிடு."

அப்பா தலையாட்டினார். பக்கத்துக் கடையில் எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை. சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் மாமாவுக்கு ஃபோன் பண்ணினார். நல்ல சேதியைச் சொல்லத்தான் பண்ணுகிறார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், எங்கள் வண்டிக் கோளாறைக் கண்டுபிடித்தாகிவிட்டது, எங்கள் அப்பா எங்கேயும் போக மாட்டார் என்று.

ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிற அன்று, "அதான் என்ன ரிப்பேர்னு தெரிஞ்சிடுச்சே, அப்புறம் ஏம்பா போற?" என்று அவரிடமே கேட்டேன். அப்பா என் ரிப்பனை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். கட்டத் தெரியாமல் கட்டினார். அவ்வளவு நாளும் போ போ என்று சொன்ன அம்மா, அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கண்டுபிடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். அப்பாவுக்கு முதல் நாளே தெரியும். கோளாறு என்னவென்று தெரியாத மாதிரி இருக்கும் வரைக்கும்தான் அவர் எங்களோடு இருக்க முடியும் என்பது எனக்குத்தான் தெரியவில்லை.