ரஞ்சினி கார் ஓடிய நூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர்

காலை 6.15. நைரோபியில் நாங்கள் தங்கியிருந்த விடுதி வாசலுக்குச் சாரதி ஒட்டியேனோ வெள்ளை வாடகைக் காருடன் வந்தார். விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள கிசுமு நகரம் அவருடைய சொந்த ஊர். முந்நூற்றைம்பது கிலோமீற்றர் பயணம். சாரதியோடு சேர்த்து நாளொன்றுக்கு எண்பது யூரோ. ஜெர்மனியில், ஹம் நகரத்தில் என் மனைவி ரஞ்சினியோடு வேலை செய்யும் கென்யப் பெண்ணொருத்தி, கிசுமுவைப் பார்க்காமல் கென்யாவைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது என்று கட்டளை போட்டே எங்களை அனுப்பியிருந்தாள்.

7.40. ஐம்பது கிலோமீற்றர் தாண்டியதும் வீதியின் இடப்பக்கத்தில் நிலம் சட்டென்று இல்லாமல் போனது. பெரும்பிளவுப் பள்ளத்தாக்கு. வெகு ஆழத்தில் மஞ்சள் புல்வெளி, அதன் நடுவே வாய் பிளந்த பழைய எரிமலை. வீதியோரக் கடையில் ஐம்பது ஷில்லிங்குக்குத் தேநீர் குடித்தோம். ஒட்டியேனோ வேண்டாமென்றார். நைவாஷாவுக்கு அருகே மாடுகளோடு மேய்ந்த வரிக்குதிரைகளை நான் எண்ணிக்கொண்டு வந்தேன். ரஞ்சினியோ சாரதியின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

9.50, நக்குரு. பெற்றோல் அடிக்க நிறுத்தியபோது அவள் இறங்கிப்போய் ஒட்டியேனோவின் நெற்றியில் புறங்கையை வைத்தாள். முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பவள், கேட்டுக்கொண்டெல்லாம் வைக்கமாட்டாள். பக்கத்துச் சிகிச்சை நிலையத்தில் மலேரியா என்றார்கள். குளிசை விழுங்கியதும் ஒட்டியேனோ தன்னால் கார் ஓட முடியும் என்று மன்றாடினார். முதலாளி அறிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு.

இரவு நக்குருவில் தங்கலாம் என்றேன்.

"அந்த மனுசன் காய்ச்சலோட ஹோட்டலிலை கிடக்கிறதோ?" என்றாள் ரஞ்சினி. "வீட்டிலை கொண்டுபோய் விடுவம். நான் ஓடுறன்."

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவளுடைய வேலைக்குக் கார் லைசென்ஸ் தேவைப்பட்டது. நான் எழுத்துப் பரீட்சையில் மூன்று தரம் தவறிக் கைவிட்டவன். "எனக்கே ஏலாதது, உமக்கு ஏலுமோ?" என்று கேட்டேன். அவள் இரண்டாம் தரத்திலேயே சித்தியடைந்தாள். இப்போது தினமும் காலையில் பதினொரு வீடுகளுக்குச் சின்னக் காரில் போய் வருகிறாள். சர்வதேச லைசென்ஸும் எடுத்து வந்திருந்தாள். வீண்செலவு என்று அதற்கும் முணுமுணுத்திருந்தேன்.

முதலாளியுடன் தொலைபேசியில் அவளே பேசினாள். சாரதி ஓடத்தான் கேட்டார், தான்தான் விடவில்லை, அவர்மேல் குற்றமில்லை என்றாள். லைசென்ஸைப் படமெடுத்து அனுப்பினாள். சிறிது நேரம் கழித்துச் சம்மதம் வந்தது.

12.10. ஒட்டியேனோ பின்னிருக்கையில் படுத்துக்கொண்டார். ஜெர்மனிக்கு மாறாகக் கென்யாவில் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுகின்றன; சுக்கானும் வலப்பக்கம், சிக்னலும் வைப்பரும்கூட இடம் மாறியிருந்தன. திரும்பும்போது சிக்னல் போடப் போய் ஒவ்வொரு தடவையும் வைப்பரைப் போட்டாள். வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நக்குருவை விட்டு வெளியேறினோம்.

மௌ மலையேற்றத்தில் லொறிகள் ஊர்ந்தன. ஒரு வளைவில் எதிரே இரண்டு லொறிகள் ஒன்றையொன்று முந்தியபடி அக்கம்பக்கமாக வந்தன. அவள் காரைச் சரளைக்கல் ஓரத்தில் இறக்கி நிறுத்தினாள். காற்று எங்களை உலுக்கிவிட்டுப் போனது.

"பயமோ?"

"ஓம். நீங்கள் கொஞ்சம் கதைக்காம இருங்கோ."

மறுபடி வீதிக்கு ஏறினாள். நான் எதிரே வந்த லொறிகளை எண்ணத் தொடங்கினேன்.

14.50, கெரிச்சோ. கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை, சீராக வெட்டிய பச்சை. இங்கே பிற்பகல் மழை தவறுவதில்லையாம். அன்றும் தவறவில்லை; ஆலங்கட்டியும் சேர்ந்து கொட்டியது. அன்றைக்கு முதல் தடவையாக வைப்பர் தேவைக்குப் போடப்பட்டது.

16.25. மலையிறங்கியதும் வெக்கை. ஆஹெரோவில் நெல்வயல்களுக்கு நடுவே பொலிசார் மறித்தார்கள். என் பக்கமாக வந்த பொலிஸ்காரர் பின்னால் படுத்திருந்தவரைப் பார்த்துவிட்டு என்னிடம் விசாரித்தார். நோயாளியைக் கொண்டுபோகிறோம் என்றேன். அப்படியானால் ஏன் நீ ஓடவில்லை என்று கேட்டார். ஹம்மில் யாராவது அப்படிக் கேட்டால் கண்பார்வை சரியில்லை என்று சொல்லிச் சமாளிப்பேன். அன்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன்: எனக்குக் கார் ஓடத் தெரியாது, என் மனைவிதான் சாரதி, நக்குருவிலிருந்து மலை கடந்து ஓடி வருகிறாள். அவர் குனிந்து அவளைப் பார்த்தார். லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லபடியாகப் போங்கள், அம்மா" என்று கை காட்டினார்.

17.15, கிசுமு. ஒட்டியேனோவின் மனைவி அவரைத் தோளில் தாங்கி உள்ளே கூட்டிப்போனாள். திரும்பி வந்து ரஞ்சினியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

பிறகு ஏரிக்கரைக் கடையொன்றில் உட்கார்ந்தோம். மறுகரை தெரியாத தண்ணீர். முழுதாகப் பொரித்த திலாப்பியா மீனும் சோளமாக் களியும் தொள்ளாயிரம் ஷில்லிங். மீனைப் பிய்க்கப் போன ரஞ்சினியின் விரல்கள் சுக்கானைப் பிடித்த மாதிரியே மடங்கி விறைத்திருப்பதை அப்போதுதான் கண்டேன். தட்டை என் பக்கம் இழுத்து, முள் எடுத்துக் கொடுத்தேன். முழு மீனையும் சாப்பிட்டு முடித்தாள்.

நான்காம் நாள், தேறியெழுந்த ஒட்டியேனோவே எங்களை நைரோபிக்குக் கூட்டிவந்தார். அவருடைய வேலை போகவில்லை.

ஹம்மில் இப்போது எல்லோரும் ஏரியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கடல்போலப் பெரிசு என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, நக்குருவிலிருந்து தொடங்குவேன். மலையேற்றம் வரும்போது ரஞ்சினி குசினிக்குள் இருந்து, "காணும், விடுங்கோ" என்பாள்.

நான் விடுவதில்லை.