தண்ணீர் மறித்த மிளகாய்க் கன்று

எங்கள் ஊர் கரம்பொனில் மிளகாய்க் கன்றைப் பிடுங்கி நடுவதற்கு முன், சில நாள் தண்ணீர் விடாமல் வாடவிடுவது வழக்கம். எண்பத்தாறாம் ஆண்டில் எனக்கு மனம் கேட்கவில்லை. இரண்டு நாற்றுமேடைகளில் ஒன்றுக்கு மட்டும் ஒளித்து ஊற்றினேன். என் மனிசி கண்டுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, இரக்கப்பட்டே கொல்லப்போறியள்!"

"பச்சைப்பசேலெண்டு நிக்குது, பாருமப்பா."

"செல்லம் குடுத்தது வெயில் தாங்காது."

நட்ட மூன்றாம் நாள், நான் ஊற்றி வளர்த்த கன்றெல்லாம் சுருண்டு செத்தன. வாடவிட்டவை நிமிர்ந்து நின்றன. பாதித் தோட்டம் வெறுமை.

வாசிகசாலைப் புத்தகமொன்றில் காரணம் தேடினேன். தண்ணீர் குறைந்தால் செடிக்குள் சில நொதியங்கள் வேலை தொடங்கி, நீர் வெளியேறும் இலைவாய்களை மூடச்சொல்லிச் செய்தி அனுப்புமாம். ஒருதரம் தாகம் பழகிய செடி அடுத்ததரம் கெதியாய், பிந்தாமல் மூடுமாம். மனிசிக்கு வாசித்துக் காட்டினேன்.

"உதுக்கொரு புத்தகமோ? பக்கத்து வளவில மிச்சக் கன்று கிடக்காம், போய்க் கேளுங்கோ. வாடினதாய்ப் பாத்து வாங்கோணும்."