பனிக்கும் மழைக்கும் நடுவே ஒரு எண்

எங்கள் பாலிடெக்னிக்கில் கடைசி வருட ப்ராஜெக்டை யாரும் செய்வதில்லை. வாங்குவார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் அதற்கென்றே ஒரு கடை. பளபளக்கிற பெட்டி, அச்சடித்த ரிப்போர்ட், வைவாவில் ஒப்பிக்க வேண்டிய பதில்கள் எல்லாம் கடைக்காரனே தருவான். என் தோழி வாங்கிய பெட்டியில் அவள் பெயர் ஸ்டிக்கரை உரித்தால், அடியில் போன வருடத்துப் பெண்ணின் பெயர்.

நான் வாங்க மாட்டேன் என்றேன்.

"மலையிலருந்து வந்துகினு இன்னாத்துக்கும்மா இந்த அடம்? பெயிலானா என்னைக் கேக்காத," என்றார் ப்ராஜெக்டுக்குப் பொறுப்பான சார்.

மலையிலிருந்து வந்ததால்தான் அடம். அதை அன்றைக்கே அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளிமலையைத் தாண்டி எங்கள் ஊர். சாமையைப் பாறைமேல் காயப்போட்டுவிட்டு, கீழே கொல்லைக்காட்டுக்கு வேலைக்குப் போய்விடுவோம். மேலே தூறல் விழுந்தால் கீழே தெரியாது. ஓடி வருவதற்குள் பாதி நனைந்திருக்கும். அதற்குத்தான் நான் ஒரு மழை மணி செய்தேன். மைக்ரோகண்ட்ரோலர் போர்டு ஒன்று, மழைத்துளி பட்டால் சொல்லும் சென்சார் போர்டு ஒன்று, ஹாரனை அடிக்கவைக்க ரிலே போர்டு ஒன்று. ஈயம் வைத்துப் பற்றவைக்கிற வேலையே இல்லை, வயரைச் செருகினால் போதும். ஹாரன் ஓட்டை பைக்கிலிருந்து கழற்றியது.

தை மாதம் பாறையில் வைத்துப் பார்த்தேன். விடிவதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"பஸ்ஸு எங்கடி?"

"பஸ்ஸு இல்ல அத்த. பனி."

"பனிக்கு எவடி ஹாரன் வெப்பா? உன்ன படிக்க வெச்சதுக்கு ரெண்டு ஆடு வாங்கியிருக்கலாம்."

புரோகிராமில் எழுநூறு என்று ஒரு எண் வைத்திருந்தேன். ஈரம் கூடக்கூட சென்சார் தரும் எண் குறையும். எழுநூற்றுக்குக் கீழே போனால் ஹாரன் அடிக்கும். பனிக்கே அவ்வளவு குறைகிறது என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. நாலு விடியல் பாறையில் குந்தி, செல்போனில் வயரைச் செருகி எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நானூற்றில் பனிக்கு வாயை மூடியது. மழைபோல் தண்ணீர் தெளித்தால் மட்டும் கத்தியது.

வைவா அன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், பலகைமேல் கிடந்த என் வயர்களைப் பார்த்தார். "எந்தக் கடைமா இது? ஒரு பெட்டிகூட போட்டுத் தரலியா?"

எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார்.

எல்லா வயரையும் பிடுங்கித் தேர்வாளர் முன்னால் குவித்தேன். "இப்ப பாருங்க சார்" என்று ஒவ்வொன்றாகச் செருகினேன். பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்துத் தெளித்தேன். ஹாரன் அடித்த அடியில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.

"இத மனப்பாடம் பண்ணிரலாம்," என்றவர் புரோகிராமைத் திறந்தார். "எல்லாரும் எழுநூறு வெப்பாங்க. நீ ஏன் நானூறு?"

"எழுநூறுன்னா பனிக்கே கத்தும் சார். எங்க அத்த பஸ்ஸுன்னு நெனச்சி மூட்டையோட ஓடியாந்துட்டாங்க."

இப்போது அவர் சிரிக்கவில்லை. "நீதான் செஞ்சிருக்க," என்றார், திருடனைப் பிடித்துவிட்ட குரலில்.

பாஸ் ஆனேன். மார்க் தோழிக்குத்தான் அதிகம். ஏன் என்று சாரிடமே போய்க் கேட்டேன். "பெட்டி போட்டிருக்கலாமேம்மா," என்றார்.

போடவில்லை. இன்றைக்கும் பாறையில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து அதற்குள்தான் போர்டுகளை வைத்திருக்கிறேன். சென்சார் மட்டும் வெளியே. இந்த அறுப்பிலும் கத்தியது. மழைதான். அத்தை மூட்டையோடு ஓடவில்லை, படுதாவோடு ஓடினார்.