கொள்ளைநோய் இல்லாத அட்டைக்கட்டு

அச்சகத்தில் புத்தகம் கட்டும் பைண்டர் கத்தி வைத்தால் மயிரிழை பிசகாது. முப்பது வருஷம் அப்படித்தான் பேர் வாங்கினார். அவர் மனைவி அதே அச்சகத்தில் தாள் அடுக்கியவள். எண்ணவே மாட்டாள், கட்டை விரலால் விசிறிப் பார்த்தே ஒரு தாள் குறைகிறதென்று சொல்லிவிடுவாள்.

மகள் கல்யாணமாகிப் போனபோது வீட்டில் விட்டுப் போனது ஒரு கோட்டை விளையாட்டு. அதை இவர்கள் இருவரும் ஆடத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு கோட்டை, களஞ்சியம், படை. ஒவ்வொரு முறையும் காய் நகர்த்துமுன் அட்டைக்கட்டிலிருந்து ஓர் அட்டை எடுக்க வேண்டும். வறட்சி வரலாம், நல்ல விளைச்சல் வரலாம், கலகம் வரலாம். கொள்ளைநோய் வந்தால் பாதி ஜனம் போச்சு. எவ்வளவு யோசித்து ஆடினாலும் அந்த ஓர் அட்டை எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும்.

அதனால் அவள் முதலில் களஞ்சியத்தை நிரப்புவாள். பைண்டர் இருப்பதையெல்லாம் படையில் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.

"மூட்டைக்குக் காவல் காக்கவா ராணி ஆனே?"

"உங்க படை பசியோட திரும்பி வரும்ல, அப்பப் பேசுங்க."

பெரும்பாலும் அப்படித்தான் திரும்பி வந்தது.

அவளுக்கு வயிற்றுவலி வந்து, பரிசோதனை எல்லாம் முடிந்ததும், டாக்டர் பைண்டரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தவர் அவளிடம் சொன்னது, "புண்ணாம். மருந்து சாப்பிட்டாச் சரியாயிடும்."

அன்று மத்தியானம் அவள் தூங்கும்போது அட்டைக்கட்டிலிருந்து கொள்ளைநோய் அட்டையை உருவினார். எண்ணிக்கை குறைந்தால் அவள் விரல் கண்டுபிடித்துவிடும். அதே கனத்தில் அட்டை தேடி, 'நல்ல விளைச்சல்' படத்தைப் பார்த்து வரைந்து ஒட்டி, ஓரம் வெட்டி, மூலைகளை வளைத்தார். உருவிய அட்டை கத்தி வைக்கும் இழுப்பறையின் அடியில் போய்ப் படுத்தது. விளையாட்டிலாவது அவளுக்கு அது வர வேண்டாம்.

மூன்று வாரம் சாயங்காலந்தோறும் ஆடினார்கள். அவள் களஞ்சியம் வழிந்தது. நடுவில் மகள் ஃபோன் செய்து, "இங்க வந்து இரேம்மா" என்று கெஞ்சினாள். "புண்ணு ஆறட்டும்டி, வந்து ரெண்டு மாசம் இருக்கேன்" என்றாள் இவள்.

மூன்று வாரம் முடிந்த அன்று, அவருக்கு முந்திக்கொண்டு அவள் அட்டைகளைக் கலைத்தாள். நடுவில் விரல் நின்றது. பார்க்காமலே ஒன்றை உருவினாள்.

"இது நீங்க வெட்டினதா?"

அவர் தன் காய்களை நேராக அடுக்கினார்.

"ஓரம் இவ்வளவு சுத்தமா ஆட்டம் விக்கிற கம்பெனிக்காரனுக்கு வராது." மற்ற அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். "கொள்ளைநோய் எங்க?"

"எங்கேயோ தொலைஞ்சு போச்சு."

"உங்ககிட்ட எது தொலைஞ்சிருக்கு, இத்தனை வருஷத்துல?"

அந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"புண்ணு இல்ல, அப்படித்தானே? டாக்டர் எத்தனை நாள் சொன்னாரு?"

பொய் ஒன்று தொண்டைவரை வந்தது. ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருப்பவளிடம் அதை எப்படிச் சொல்வது?

"நாலு மாசம். அதுவே கஷ்டம்னாரு."

"அதுல மூணு வாரம் போயிடுச்சு." குரல் உயரவில்லை. "சேத்துச் சேத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் பாருங்க, இந்தக் களஞ்சியம் மாதிரி. புள்ளை கூப்பிட்டா. ஆறட்டும்னு சொன்னேனே அவகிட்ட."

"உனக்குத் தெரிய வேணாம்னுதான்…"

"தெரிஞ்சிருந்தா அன்னைக்கே கிளம்பியிருப்பேன்." அட்டைகளைத் தட்டி நேராக்கினாள். "போய் அதை எடுத்துட்டு வாங்க. அதில்லாம இது ஆட்டமே இல்ல."

பைண்டர் எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்தார். அட்டை பலகையோடு ஒட்டிக் கிடந்தது. நகத்தை நுழைத்துப் பார்த்தார்; வழுக்கியது. மறுபடி வழுக்கியது.

கூடத்தில் அவள் ஃபோனில் பேசுவது கேட்டது.

"இல்லடி, ஆறல. நாளைக்கே வரேன். … அப்பாவா? இங்கதான் இருக்காரு. என்னமோ தேடிட்டு இருக்காரு."